கூப்பிடும் குரல்

வீட்டு நெட்வொர்க்கில் இருந்த ஹார்டு டிஸ்க்கை டி.வி. பாக்ஸோடு சேர்த்துவைப்பதற்குள் மெக்கானிக்குக்கு முழி பிதுங்கிவிட்டது.

"வந்திருச்சு சார். எதைப் போடணும்?"

வீட்டுக்காரப் பெரியவர் ரிமோட்டை வாங்கிக் கடைசி ஃபைலை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"படம் தெரியலியே..." மெக்கானிக் மூலையிலிருந்த ரவுட்டரிடம் ஓடிக் குனிந்தார்.

"எத்தனை தடவை கூப்பிடறது? அந்தச் சனியனை அணைச்சிட்டுச் சாப்பிட வாங்க!" ஒரு பெண்குரல் அதட்டியது.

மெக்கானிக் சிரித்தார். "அம்மா கோவமா இருக்காங்க. நீங்க போங்க சார், நான் பாத்துக்கறேன்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. அணைக்காட்டி விடமாட்டா."

பெரியவர் டி.வி.யை அணைத்தார்.

"ஆறிப்போச்சுன்னா மறுபடி என்னால..." என்ற குரலும் அதோடு நின்றது.

இருட்டிக் கிடந்த சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டவர், ஒற்றைத் தட்டைக் கழுவ ஆரம்பித்தார்.