டபக்கு யார்?

"டபக்கா? அப்படியும் ஒரு பேராம்மா?"

பவளத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிரே நின்ற இராசம்மா சிரிக்கவில்லை. லெம்பா பெர்த்தாம் ஊரிலிருந்து கோஸ் ஏற்றிய லோரியில் தொற்றிக்கொண்டு வந்தவள். புடவைத் தலைப்பு மழையில் நனைந்திருந்தது.

"அந்தப் பேருதான் தாயி. என் மகன் ராஜு இங்க லோரி ஓட்டுறான்ல, அவன் மனசுல வச்சிருக்கிற பொண்ணு. 'தோட்டத்துல டபக்குன்னு கேளு, சின்னப் புள்ளகூட காட்டும்லா'ன்னான். சொந்தப் பேரு அவனுக்கே தெரியல, பாரேன்!"

ஆபிஸ் கணக்கையெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி சாம்பசிவம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தேடு, தேடு. நீ பேரெழுதி அடுக்கின பெட்டியோட லட்சணம் இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில்தான் பவளம் அந்தத் தேயிலைத் தோட்ட ஆபிசில் வேலைக்குச் சேர்ந்தாள். அதுவரை ஆட்களின் அட்டைகள் நம்பர் வரிசையில் இருந்தன. ஆளைத் தேடி வருகிறவர்களில் யார் நம்பரைச் சொல்லிக் கேட்டார்கள்? மாரியம்மா என்றால், எந்த மாரியம்மா என்று ஆபிசே முழிக்கும். பவளம் சேற்றுக்குப் பயந்து அப்பாவின் பெரிய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக ஏறி இறங்கி, யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பேரிலேயே அட்டை எழுதினாள். மூக்குப்பொடி ராமசாமி, ரெட்டைச்சுழி மாரியம்மா, பல்லாக்கு முனியாண்டி... கேட்கிற பேரில் தேடினால் ஆள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

"ஒருத்தர் கிடைக்காம போனாலும் பழையபடி நம்பர்தான்" என்று சாம்பசிவம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அட்டைகளைப் புரட்டினாள். டமாரம் சின்னையா இருந்தான். டபக்கு இல்லை. மறுபடி புரட்டினாள். இல்லவே இல்லை.

"சோத்தை டபக்குன்னு முழுங்குற ஆளா இருக்கும்" என்றார் சாம்பசிவம்.

ஜன்னலோரம் தேத்தண்ணி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்த ஆபிஸ் ஆள் கருப்பையாவுக்குப் புரையேறியது.

"என்ன அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கா? ஐயையோ, நமக்கு ஒண்ணும் தெரியாதுலா!" துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பார்க்க எப்படிம்மா இருப்பா?"

"நான் எங்க பார்த்தேன்? லயத்துல அவ வர்றது தூரத்துலயே தெரிஞ்சிடுமாம். புள்ளைங்கெல்லாம் வாசலுக்கு ஓடியாருமாம். எல்லார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசுவாளாம். அதான் இவன் சொக்கிப் போயிட்டான்."

சாம்பசிவம் எழுந்தார். "போதும். நாளைக்கு எல்லாத்தையும் நம்பர் வரிசையில அடுக்கிடு."

பவளத்தின் கண் கலங்கியது. அத்தனை மேடு பள்ளம் நடந்தது வீணா?

"கொஞ்சம் பொறுங்கய்யா. நானே லயத்துல போய்க் கேட்டுட்டு வந்துடுறேன். நீங்க உட்காருங்கம்மா, உங்க மருமகளைக் கையோட கூட்டியாறேன்!"

வாசலில் கழற்றி வைத்திருந்த பூட்ஸில் காலை நுழைத்து, சிமெண்ட் வராந்தாவில் ஓடினாள்.

டபக்கு... டபக்கு... டபக்கு...

இராசம்மா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். "ஏ தாயி! மருமகளே! எங்க ஓடுற?"

பவளம் அப்படியே நின்று, குனிந்து தன் காலைப் பார்த்தாள். கருப்பையா சிரிப்புத் தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊரு பேரெல்லாம் கேட்டே தங்கச்சி, ஒம் பேரை நீ கேக்கவே இல்லியே!"

சாம்பசிவம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு புது அட்டையை எடுத்து, 'டபக்கு' என்று தம் கையாலேயே எழுதி, டமாரம் சின்னையாவுக்கு முன்னால் செருகினார்.