மூன்றாவது பதில்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், மகளின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போன் போட்டாள் தையல்காரி. பணம் கட்டினால்தான் டாக்டர் கத்தியைத் தொடுவாராம். கணக்கில் பணம் இருக்கிறது. கணக்கு தன்னுடையதுதான் என்று போனில் நிரூபித்தால் உடனே அனுப்பிவிடலாம்.

பிறந்த தேதி கேட்டார்கள், சொன்னாள். விலாசம் கேட்டார்கள், சொன்னாள்.

"கடைசியா உங்க ரகசியக் கேள்விம்மா," என்றாள் வங்கிப் பெண். "உங்க மக உங்ககிட்ட கடைசியாச் சொன்னது என்ன?"

தையல்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இப்படி ஒரு கேள்விய யாரு எழுதினா?"

"நீங்கதாம்மா. கணக்கு ஆரம்பிச்சப்போ, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. பதிலும் சேர்த்து."

"என் பொண்ணுக்கே ஒம்பது வயசுதானே ஆகுது!"

"பதில் சொல்லுங்கம்மா. மூணு தடவை தப்பானா கணக்கு நாளைக்குத்தான் தொறக்கும்."

"பசிக்குதுன்னு சொன்னா." வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"தப்பும்மா."

அதைக் கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது. "தூக்கம் வருதுன்னு சொன்னா."

"இதுவும் தப்பு. இன்னும் ஒரே ஒரு தடவைதாம்மா."

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "பணம் கட்டியாச்சா?" என்றாள். தையல்காரி செருப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது பிள்ளை தலையைத் தூக்கிச் சொன்னது இன்னும் காதிலேயே நின்றது. சரியாகிவிட்டால் அதுவே பிள்ளையின் கடைசிப் பேச்சாகிவிடும்; இதுவும் தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"செருப்பப் பத்திரமா வச்சிரும்மான்னு சொன்னா."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"சரியான பதில்ம்மா," என்றாள் வங்கிப் பெண், மனசு நிறைய.