கன்னத்துப் பொட்டு

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு லோஜினி பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நிற்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பூரணியின் தோளில் சாய்ந்து, லோஜினியின் மகள் பூரணியின் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருக்கிறாள். காலையில் லோஜினி வலது கன்னத்தில் வைத்துவிட்ட மைப்பொட்டைக் காணோம். இடது கன்னத்தில் புதிதாக ஒன்று, அத்தனை வட்டமாக. “இன்னைக்கு அழவே இல்லக்கா. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்கவும் வச்சிட்டேன்” என்கிறாள் பூரணி. “எம்புள்ள எதுக்கு அழப் போவுது?” லோஜினி வெடுக்கென்று கை நீட்டுகிறாள். குழந்தை தோட்டை விடவில்லை. விரல்களைப் பிரித்து வாங்கிக்கொண்டு படியிறங்கியதும், எச்சில் தொட்ட கட்டைவிரலால் அந்தப் பொட்டை அழுத்தித் தேய்க்கிறாள். மை போகிறது. கொழுந்துக் கறையேறிக் காய்த்த விரல் பட்டுக் கன்னம் சிவக்க, குழந்தை இன்றைக்கு முதல் தடவையாக அழுகிறது.