கால் இல்லாத பெயர்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ராயபுரத்து மாடி வீடொன்றில் நடப்பதைச் சொல்கிறேன். கல்லறைத் திருநாள் பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஜானட்டின் லேப்டாப் திரையில் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும் மின்னுகின்றன, நடுவில் ஒன்றுமில்லை. பூசையில் வாசிக்கச் சொல்லித் தெருக்காரர்கள் அவள் எழுதிய புரோகிராமுக்குச் செல்போனில் அனுப்பிய இறந்தவர் பெயர்கள் இருநூறும் காலையில் அங்கேதான் இருந்தன. அவள் அம்மா ஹில்டாவின் பெயர் மட்டும் புரோகிராம் பிழையால் ‘ஹில்ட’ என்று வந்தது. “காலு இல்லாம உங்கம்மா எப்டிம்மா கோயிலுக்கு நடந்து வருவா?” என்று அப்பா ஸ்டானிஸ்லாஸ் சிரித்தார். அந்தத் துணைக்காலைப் போடத்தான் ஜானட் புரோகிராமைத் திருத்தி, கன்டெய்னர் என்கிற புது மென்பொருள் பெட்டியில் அடைத்து, கிளவுடில் ஏற்றினாள். பழைய கன்டெய்னர் அழிந்தது. பெயர்கள் அதற்குள்ளேயே இருந்ததால் அவையும் போய்விட்டன. துறைமுகத்தில் பெட்டி எண்ணியவர் மகளாச்சே, சீல் வைத்த பெட்டியிலிருந்து எதுவும் தொலையாது என்று நம்பிவிட்டாள்.

சாய்ந்த வெயில் கீபோர்டில் விழுகிறது. கீழே டிரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்கின்றன. ஜானட் அம்மா பெயரை மட்டும் அடித்து அனுப்பிப் பார்க்கிறாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் மாட்டியபடி அப்பா எட்டிப் பார்க்கிறார்.

“காலு வந்துச்சா?”

“வந்துச்சுப்பா. மத்தவங்க எல்லாரும் பூட்டாங்க. என் தப்புதான்.”

திரையில் ‘ஹில்டா’ ஒற்றையாய் நிற்கிறது. அவர் கை கடைசிப் பொத்தானிலேயே நின்றுவிடுகிறது.

“தனியா எங்கியும் போவமாட்டாளேம்மா அவ.”

உங்கள் வீட்டுப் பெயர்கள் ஒன்றுகூட விடுபடாமல், எப்போதும் கூட்டமாகவே கூப்பிடப்படட்டும், என் கண்ணுகளா.