மூன்றாவது முகாமுக்குப் போகும் வண்டி

இந்த ஆளை நம்பி வண்டியில் ஏறியது தப்பு என்று திலகத்துக்கு முதல் முகாமிலேயே தோன்றிவிட்டது.

அரிசியும் முட்டையும் இறக்கி வெகுநேரம் ஆகியிருந்தது. வண்டி ஓட்டும் பக்கிரிசாமி மட்டும் கூடாரத்தை விட்டு வெளியே வருவதாக இல்லை. கையில் வாக்கி டாக்கியை வைத்துத் திருகிக்கொண்டு, அங்கிருந்த பையன்களோடு ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

காலையில் வந்ததே தாமதம். ஏன் என்று கேட்டதற்கு, "மழை தங்கச்சி" என்றதோடு சரி.

திலகம் பிரிஞ்சாங்கில் பூ நாற்று விற்பவள். மகள் பூவிழி படிப்பை முடித்த கையோடு தன்னார்வலர் முகாமில் சேர்ந்து, கம்போங் ராஜாவுக்கு அப்பால் காட்டுக்குள் போயிருந்தாள். ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமம் ஒன்றுக்கு மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரும் வேலை.

பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பாதே என்று வீட்டுக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். எது நடந்தாலும் நான் பொறுப்பு என்று சொல்லி அனுப்பிவைத்தவள் திலகம்தான்.

அவள் இருந்தது மூன்றாவது முகாமில். காட்டுக்குள் போன் லைன் கிடைக்காது. மகளைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முகாம்களுக்கும் சாமான் ஏற்றிப்போகும் வண்டியில் இடம் கேட்டாள். ஓட்டுகிறவர் ரிங்லெட்காரர், நல்ல மனிதர் என்று முகாம் ஆபீசில் சொன்னார்கள். திலகத்துக்கு முன்பின் தெரியாதவர்.

நல்ல மனிதர்தான். வாய்தான் ஓயவில்லை. தேயிலைச் சரிவுகளைத் தாண்டி வண்டி செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போக, குரங்குகள் தன் வீட்டுக் கூரையைப் பிரித்த கதை, கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் நின்றுபோன கதை என்று அடுக்கிக்கொண்டே வந்தார். அவர் சிரித்த சிரிப்பு திலகத்துக்கு எரிச்சலாக இருந்தது. மழையில் நனைந்த காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது முகாம் மரக்கன்று வளர்க்கும் முகாம். அங்கே வண்டியை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்ஜின் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்றார். அது ஆறியிருக்கும் என்று அவள் போய்க் கேட்டபோது, மீஹூனைத் தட்டில் போட்டு நீட்டினார். முதலில் சாப்பிடச் சொன்னார். அவர் சாப்பிடவில்லை. முதல் முகாமிலேயே ஒரு பிடி பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கிருந்த பிள்ளைகளும் ஒரு மாதிரியாக இருந்தார்கள். அவள் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்தினார்கள்.

"நீங்க பேசிக்கிட்டே இருங்கண்ணே. நான் நடந்தே போறேன்."

கைப்பையை மாட்டிக்கொண்டு திலகம் பாதையில் இறங்கிவிட்டாள். பக்கிரிசாமி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. நான் சொல்றேன்லா."

"வழிய விடுங்க. ஆபீஸ்ல போய் உங்களப் பத்திச் சொல்லாம விடமாட்டேன்."

"தாராளமாச் சொல்லுங்க," என்றார். ஆனால் நகரவில்லை.

அப்போதுதான் பாதையின் திருப்பத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். கையில் பாராங் கத்தியோடு ஓராங் அஸ்லிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். அவர் பின்னால், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தலை முதல் கால் வரை சேறாக இளைஞர்கள் வரிசையாக வந்தார்கள். மூன்றாவதாக வந்தவள் பூவிழி.

திலகம் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளைக் கட்டிக்கொண்டாள். முகம், கை, தோள் எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

பூவிழி அழுதுகொண்டே சொன்னாள். ராத்திரி மழையில் மலை சரிந்து, சமையல் கூடாரம் மண்ணுக்குள் போய்விட்டது. வண்டிப் பாதையும் மூடிக்கொண்டது. கிராமத்து ஆட்கள்தான் எல்லாரையும் தேடிப்பிடித்துச் சேர்த்து, மேட்டு வழியாக இங்கே கூட்டிவந்தார்கள்.

"விடியும்போதே வாக்கி டாக்கியில சொல்லிட்டோம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

திலகம் திரும்பினாள். "தெரிஞ்சேதான் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"மண்ணு சரிஞ்சது மட்டுந்தான் தெரியும். யாரு எப்படி இருக்காங்கன்னு ஒரு விவரமும் இல்ல," என்றார் பக்கிரிசாமி. "அரைகுறையாச் சொல்லி, வழி முச்சூடும் உங்கள எதுக்கு அழவைக்கணும்?"

அடுத்தவர் பிள்ளை என்றால் அப்படி நிதானமாகச் சிரித்துக்கொண்டு வரத்தான் தோன்றும் என்று சொல்ல வாயெடுத்தாள் திலகம்.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கண் அந்த வரிசையிலேயே இருந்தது. ஒவ்வொரு முகமாகக் கடந்துபோய்க்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் கடைசியாக, காலில் துண்டால் கட்டுப்போட்ட ஒரு பெண், தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித் திருப்பத்தைத் தாண்டினாள்.

அவ்வளவு நேரம் கல் மாதிரி நின்ற பக்கிரிசாமி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அந்தப் பெண் மெல்ல நடந்து வந்து, அவர் தலைமேல் கைவைத்தாள்.

"அதான் வந்துட்டேன்ல... எந்திரிங்கப்பா."