உள்ளே ஒன்று

2014 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. முல்லைத்தீவு மாவட்டம், நந்திக்கடலின் கிழக்குக் கரை. கண்ணிவெடி அகற்றும் பெண்கள் ஒரு கைத்துப்பாக்கியைக் கண்டெடுத்தார்கள்.

பவளராணியின் கருவி சத்தமிட்டது. மேற்பார்வையாளர் நாகேந்திரம் வந்து மண்ணை விலக்கினார். முடிச்சுப் போட்ட பொலித்தீன் பொதி. உள்ளே தடித்த கிரீஸ். கிரீஸுக்குள் துப்பாக்கி.

பக்கத்துப் பாதையில் மண்டியிட்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

முடிச்சு அவள் போட்டது.

2009 மே மாதம் இதே மணலில் பதுங்குகுழிக்குள் எறிகணை விழுந்தது. அவளோடு இயக்கத்தில் இருந்த கலைவிழிக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. தோழியின் குடல் மணலில் கிடந்தது. அவள் அதை அள்ளி உள்ளே வைக்கப் பார்த்தாள். கை வழுக்கியது.

"சுடடி," என்றாள் கலைவிழி. மூன்று தரம் சொன்னாள்.

நான்காம் தரம் சொல்ல அவள் விடவில்லை.

ஆயுதத்தை வெறுமனே மண்ணில் போடக் கூடாது. அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கிரீஸைப் பூசி, இருந்த ஒரேயொரு பொலித்தீனில் துப்பாக்கியைச் சுற்றிக் கட்டினாள்.

கலைவிழியின் மேல் வெறும் மண்ணைத் தள்ளினாள்.

பிறகு சனத்தோடு சனமாக நடந்தாள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பெயரைப் பதிய வேண்டும் என்றது இராணுவத்தின் ஒலிபெருக்கி. அவள் பதியவில்லை. கட்டியவனுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்போது மகளுக்கு இரண்டு வயது.

பத்து மணிக்குப் பொலிஸ் அதிகாரி வந்தார்.

தறப்பாள் கூரைக்குக் கீழே மேசை. துப்பாக்கியைத் துடைத்தார். பெயர் இல்லை. இலக்கத்தை யாரோ அராவியிருந்தார்கள். கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை.

"இது என்ன ஜாதி? யாருக்கும் தெரியுமா?"

பெண்கள் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். அவர்களுக்குக் கண்ணிவெடி தெரியும். துப்பாக்கி தெரியாது.

அவளும் தலையை ஆட்டினாள்.

அதிகாரி பிடிக்குள்ளிருந்து ரவைக்கூட்டை உருவி எடுத்தார். மேசையில் வைத்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அவளுக்கு வரவில்லை.

ஒரு வெடி போனால் அடுத்த ரவை தானாகக் குழலில் ஏறி நிற்கும். ரவைக்கூட்டைக் கழற்றினாலும் அது அங்கேயே நிற்கும். அன்று அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"அஞ்சு வருசம் மண்ணுக்க கிடந்தும் என்ர மனுசனை விடப் பளபளப்பாக் கிடக்கு," என்றாள் பவளராணி.

நாகேந்திரம் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது.

"அப்ப இதையே கட்டுங்க," என்று துப்பாக்கியைப் பவளராணியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். விரல் விசையில் இருந்தது.

பவளராணி கையை உயர்த்திச் சரணடைவதுபோல் நடித்தாள்.

"ஐயா! உள்ளுக்க ஒண்டு நிக்குது!"

சத்தம் எங்கிருந்து வந்தது என்று அதிகாரி திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

அவர் ரவைக்கூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நம்பாதவராய், குழலைத் தரைக்குத் திருப்பி விசையை இழுத்தார்.

மேசையடியில் மணல் பீறி எழுந்தது.

பவளராணியின் கைகள் உயர்ந்தபடியே நின்றன. அவளுடைய காற்சட்டை நனைந்துகொண்டிருந்தது.

நாகேந்திரம்தான் முதலில் கத்தியவள் பக்கம் திரும்பினார். பிறகு ஒவ்வொருவராய்த் திரும்பினார்கள்.



அதிகாரி படிவத்தை நிரப்பினார். வகை: தெரியவில்லை. செய்த நாடு: தெரியவில்லை. அடுத்த தாளை எடுத்து அவளுடைய பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை அவளுடைய பாதையில் வேறொரு பெண் மண்டியிட்டாள்.