பச்சைத் தண்ணீர்

காற்றாலைகள் சுற்றச் சுற்ற, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் ஹைட்ரஜன் ஆலை, ஊர்க் கிணறுகளை எல்லாம் உறிஞ்சி முடித்திருந்தது. அந்தப் பெருமைக்கு ஒரு விழா வேறு. மேடையில் ஆலை அதிகாரி, ஊர்க்காரி சண்முகக்கனியின் கையில் ஒரு பாட்டிலைத் திணித்துவிட்டுக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

"இங்க தயாரிச்ச பச்சை ஹைட்ரஜனை வெளிநாட்டுல எரிச்சப்ப வந்த தண்ணிம்மா. உங்களுக்காகக் கப்பல்ல வந்திருக்கு. நானே பேரு வச்சேன்!"

பாட்டில்மேல் 'பச்சைத் தண்ணீர்' என்ற பொன்னெழுத்து மின்னியது. சாதாரணக் கிணற்றுத் தண்ணீருக்கே அந்த ஊரில் அதுதான் பெயர் என்று இந்த மேதாவிக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

சண்முகக்கனிக்கு நா வறண்டிருந்தது. ஆனாலும் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"ஆகாதவுக கையால பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டோம்னு எங்க ஊர்ல சொல்லுவாக, சார். பேரு பொருத்தமாத்தான் வச்சிருக்கீக."